பூச்சிமருந்து வாங்கும் முன்: மதுரைப் பக்கம் புதிதாக விவசாயம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விட்டுவிட்டோ ஓய்வுபெற்றோ ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப்போன நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் வைக்கிறவர்களை மதுரையைச் சுற்றி இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நெல். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகையும் காய்கறியும். டி.கல்லுப்பட்டி கரிசலில் பருத்தி. எந்தப் பயிராக இருந்தாலும் முதல் வருடத்திலேயே அந்த நாள் வந்துவிடும். இலை சுருண்டிருக்கும், பக்கத்து வயல்காரர் ஒரு மருந்தின் பெயரைச் சொல்வார், நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவீர்கள். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்துவிடலாம். 1958-இல் கேரளத்தில் ஒரு பெருந்துயரம் நடந்தது. பாரத்தியான் என்ற பூச்சிமருந்து, கப்பலில் கூடவே ஏற்றி வந்த உணவுப்பொருளில் கசிந்து, அதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகத்தான் 1968-இல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-இல் அதற்கான விதிகளும் வந்தன. பூச்சிக்கொல்லி என்று பெயர் இருந்தாலும் களைக்கொல்லி, பூஞ்சாண மருந்து, எலி மருந்து எல்லாமே இதற்குள் அடக்கம். ஒரு மருந்து நாட்டில் விற்பனைக்கு வர வேண்டுமென்றால் ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு என்பதையும் சேர்த்தே அந்தக் குழு முடிவு செய்கிறது. தயாரிக்கவும் விற்கவும் உரிமம் கொடுப்பது மாநில அரசு. கடைகளைச் சோதித்து மாதிரி எடுப்பவர்கள் வேளாண்மைத் துறையில் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களாக அறிவிக்கப்பட்ட அலுவலர்கள்.

புதியவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இதே சட்டத்தின் 38-வது பிரிவில் இருக்கிறது. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் சாகுபடி செய்யும் நிலத்துக்கோ மருந்தைப் பயன்படுத்தும்போது இந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. கம்பெனியையும் கடையையும் கேள்வி கேட்கும் சட்டம், உங்கள் வரப்பு வரை வந்து நின்றுவிடுகிறது. வரப்புக்கு உள்ளே எவ்வளவு ஊற்றுகிறீர்கள், எதோடு எதைக் கலக்கிறீர்கள், யாரை வைத்து அடிக்கிறீர்கள் என்று பார்க்க யாரும் வரமாட்டார்கள். அங்கே உங்களுக்குத் துணை பாட்டிலில் ஒட்டிய லேபிளும் கையில் உள்ள பில்லும்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசப்போகிறேன்.

முதல் படி: கடைக்குப் போகாதீர்கள்

பூச்சியைப் பார்த்த அன்றைக்கே கடைக்கு ஓடுவதுதான் எல்லாச் செலவுக்கும் ஆரம்பம். வந்திருப்பது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். மல்லிகைச் செடியில் இலை வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை போலத் தெரிந்தால் அது செஞ்சிலந்தியாக இருக்கலாம். சிலந்தி பூச்சி இனமே அல்ல, அதற்கான மருந்து தனி. அது தெரியாமல் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்தால், சிலந்தியைத் தின்று கொண்டிருந்த நன்மை செய்யும் உயிர்கள் செத்து, செஞ்சிலந்தி முன்பைவிடப் பெருகிவிடும். நெல்லில் தண்டின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் இதே கதைதான். பைரித்ராய்டு அடித்த வயலில் புகையான் மறுபடி கிளம்பி, வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்துபோவதைப் பார்க்கலாம். யூரியாவை அள்ளிப் போட்ட வயலாக இருந்தால் இன்னும் மோசம்.

அடையாளம் தெரிந்த பிறகு, அடிக்க வேண்டிய அளவுக்குச் சேதம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குப் பொருளாதாரச் சேத நிலை என்று கணக்கு வைத்திருக்கிறது. நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதக் குருத்துக் காய்வு, கதிர்ப் பருவத்தில் 2 சதவீத வெண்கதிர். இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம். புகையானுக்குத் தூருக்கு ஒரு பூச்சி, வயலில் அதைத் தின்னும் சிலந்திகள் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் மருந்துக்கு நீங்கள் செலவழிக்கும் பணம், பூச்சி தின்பதைவிட அதிகம். காலையில் வயலின் நடுவிலும் ஓரங்களிலும் சில இடங்களில் நின்று எண்ணினால் போதும், பெரிய வேலையில்லை. நான்கு பக்கமும் பச்சையாக இருக்கும் வயலில் ஒரு மூலையில் மட்டும் சேதம் என்றால், அந்த மூலைக்கு மட்டும் அடித்தாலே தீர்ந்துவிடும்.

யாரிடம் கேட்பது? உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வேளாண்மை அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலர்களும் இருப்பார்கள். காய்கறி, பூ, பழம் என்றால் தோட்டக்கலைத் துறை அலுவலகம். ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் உள்ள வேளாண்மைக் கல்லூரியிலும், அங்கேயே இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் பூச்சியியல், நோயியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட இலையையோ காயையோ பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் பார்த்துச் சொல்வார்கள். நேரில் போக முடியாவிட்டால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை, நல்ல அனுபவசாலிகள் அவர்களிலும் உண்டு. ஆனால் விற்பவரின் யோசனையை மட்டும் கேட்டு வாங்குவது சரியான வழி ஆகாது. மருந்தின் டெக்னிக்கல் பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயரை, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

கடையில்

உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். விற்பனை உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. எந்தெந்தக் கம்பெனியின் எந்தெந்த மருந்தை விற்கலாம் என்பதும் உரிமத்தில் இருக்கும். விற்பவருக்கோ அவரிடம் வேலை செய்பவருக்கோ வேளாண்மை, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற படிப்பு வேண்டும் என்று பின்னாளில் விதியைத் திருத்தினார்கள். பழைய கடைக்காரர்களுக்காகவே உள்ளீட்டு வணிகர்களுக்கான பட்டயப் படிப்பும் சான்றிதழ்ப் படிப்பும் நடக்கின்றன. மளிகைச் சாமானோடு சேர்த்துப் பூச்சிமருந்து விற்கும் கடையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். உணவுப்பொருளும் பூச்சிமருந்தும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் 1958 இருக்கிறது.

அப்புறம் பில். எல்லா விற்பனையும் பில்லோடுதான் நடக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆனாலும் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "அண்ணே, பேட்ச் நம்பர் போட்டு முழு பில்லா குடுங்க" என்று கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதித் தேதி, கடையின் பெயரும் உரிம எண்ணும், கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பில் இல்லாமல் வாங்காதீர்கள். நாளைக்கு மருந்து போலியாக இருந்தாலோ பயிர் கருகினாலோ, இந்த மருந்து இந்தக் கடையில் இந்தத் தேதியில் வாங்கியது என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

கடனுக்கு வாங்குகிறவர்களுக்குத்தான் இதில் சிரமம் அதிகம். அறுவடைக்குப் பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லி வாங்கும்போது, எந்த மருந்து என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் சேர்ந்து கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. மூன்று பாட்டில் கேட்காமலே பைக்குள் வரும். முடிந்தவரை மருந்துக்கு மட்டுமாவது ரொக்கம் ஒதுக்கி வையுங்கள். கடன்தான் வழி என்றாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள், கடன் விற்பனைக்கும் பில் உண்டு.

பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை ஒருபோதும் வாங்காதீர்கள். லேபிள் இல்லாத மருந்து சட்டப்படி விற்கக் கூடாத சரக்கு. வீட்டில் யாராவது தண்ணீரோ கூல்டிரிங்ஸோ என்று எடுத்துக் குடிக்கும் விபத்துகள் இப்படிப்பட்ட பாட்டில்களால்தான் நடக்கின்றன. ஆன்லைனிலும் 2022-லிருந்து உரிமம் பெற்ற விற்பனையாளர்கள் விற்கலாம். அங்கே வாங்கினாலும் இதே பார்வைதான்.

லேபிளைப் படிப்பது

பாட்டிலைக் கையில் எடுத்து, காசு கொடுப்பதற்கு முன்பே படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் டெக்னிக்கல் பெயரும் சதவீதமும்தான் மருந்து. ஒரே டெக்னிக்கல் பல வணிகப் பெயர்களில் வருகிறது. இது தெரியாமல், போன வாரம் அடித்த மருந்தையே இந்த வாரம் வேறு பெயரில் வாங்கி அடித்துவிட்டு, "மருந்து மாத்தியும் கேக்கலை" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரே மருந்தை மாற்றாமல் அடிக்க அடிக்கப் பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்.

மத்தியப் பதிவு எண், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். காலாவதியான சரக்கைக் கடைக்காரர் தனியாகப் பிரித்து, விற்பனைக்கு அல்ல என்று எழுதி வைக்க வேண்டும். விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் அதை வாங்கக் கூடாது.

லேபிளில் சதுரத்தைக் கோணலாகத் திருப்பிய கட்டம் ஒன்று இருக்கும், அதன் பாதி நிறமாக இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மண்டையோடும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் அளவை வைத்து இதைப் பிரிக்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு வாய்வழியாக 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நிறம் ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு ஆபத்து என்பதை மட்டுமே சொல்கிறது. பச்சை என்பதால் கையுறை வேண்டாம், கண்மாயில் டேங்கைக் கழுவலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேனீக்கும் மீனுக்கும் அந்த மருந்து என்ன செய்யும் என்பது நிறத்தில் இருக்காது, உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பெரும்பாலானவர்கள் வரப்பிலேயே எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதி வைத்து அச்சடித்த தாள் அது. எந்தெந்தப் பயிருக்குப் பதிவு, எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர், நஞ்சேறினால் என்ன அறிகுறி, என்ன முறிமருந்து, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை என்று எல்லாமே அதில் இருக்கிறது. எழுத்து பொடிதாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 சதவீதத் திரவம் புழுக்களுக்குப் பரவலாகப் பயன்படும் மருந்து. நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுக்கும் ஹெக்டேருக்கு 150 மில்லி, அதாவது ஏக்கருக்கு 60 மில்லி. நெல்லில் அடித்தால் அறுவடைக்கு 47 நாள் காத்திருக்க வேண்டும். கத்தரியில் 22 நாள். வெண்டையில் 5 நாள், தக்காளியில் 3 நாள். மருந்து ஒன்றுதான், பயிருக்குப் பயிர் கணக்கு இவ்வளவு மாறுகிறது. "வெண்டைக்கு அடிச்சோம், அஞ்சு நாள்ல பறிச்சோம்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதைக் கேட்டு அதையே கத்தரிக்குச் செய்தால் தவறாகிவிடும்.

தடையான மருந்துகள்

தடைப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சில பெயர்களை நினைவில் வைத்தால் போதும். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. 2018-இல் வந்த மத்திய அரசு ஆணை மீத்தைல் பாரத்தியான், கார்பரில் உள்ளிட்ட 12 மருந்துகளை உடனே தடை செய்தது. ஃபோரேட், டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் உட்பட இன்னும் 6 மருந்துகளுக்கு 2020 கடைசி வரை மட்டும் அவகாசம் கொடுத்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே சொல்லிவிட்டார்கள். 2023-இல் அதன் 36 சதவீதத் திரவத்தையே தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். டைகோஃபால், மெத்தோமில் போன்றவையும் அதே ஆணையில் போயின. "பழைய ஸ்டாக், நல்லா கேக்கும்" என்று யாராவது இவற்றை எடுத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம், விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள்.

முழுத் தடை இல்லாமல் சில பயிர்களுக்கு மட்டும் நீக்கப்பட்டவை தனி. அதே 2023 ஆணைப்படி மாலத்தியானை வெண்டை, கத்தரி, தக்காளி, காலிஃபிளவர், மா போன்றவற்றில் பயன்படுத்தக் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் பழம், காய்களில் டைமெத்தோயேட் கூடாது. பழைய விவசாயிகளின் நினைவில் இந்த மாற்றங்கள் இருக்காது. அவர்கள் நல்ல மனதோடு சொல்லும் யோசனை பத்து வருடத்துக்கு முந்தைய லேபிளாக இருக்கலாம்.

கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. நெல் மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் பொதுமக்களுக்குக் கடையில் விற்கக் கூடாத பொருள்தான். அதிலிருந்து வரும் வாயு, மூடிய அறையில் தூங்கும் குடும்பத்தையே கொன்றுவிடும்.

மாநில அரசுக்கு நிரந்தரத் தடை விதிக்கும் அதிகாரம் இல்லை. 27-வது பிரிவின்படி 60 நாளும், நீட்டித்தால் மேலும் 30 நாளும் நிறுத்தி வைக்கலாம். தற்கொலைகளைக் குறைப்பதற்காகத் தமிழ்நாடு அரசு ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தியது இந்தப் பிரிவின்படிதான். இதைப் படிக்கும் எல்லோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள், மீதம் இருந்தால் தோட்டத்தில் பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். கோபத்திலோ துக்கத்திலோ ஒரு மனிதர் எடுக்கும் முடிவு பல நேரங்களில் சில நிமிடங்களுக்குத்தான் நீடிக்கிறது. அந்த நிமிடங்களில் பாட்டில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பிவிடும். வீட்டில் யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 104 அல்லது 14416-க்கு எந்த நேரமும் பேசலாம்.

"பயோ" என்றும் "டானிக்" என்றும் வருபவை

இயற்கை விவசாயம் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வரும் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வேப்ப மருந்து, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பெவேரியா போன்ற உயிரியல் மருந்துகளுக்கும் இதே 1968 சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு எண் இல்லாமல், "நூறு சதவீதம் இயற்கை, எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்" என்று எழுதிய பாட்டிலை நம்பாதீர்கள். அடித்த மறுநாளே பூச்சி கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தால், உள்ளே ரசாயனம் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உயிரியல் மருந்து பொதுவாக அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

வளர்ச்சிக்கு என்று விற்கும் டானிக் வகைகள் நீண்ட காலம் எந்தச் சட்டத்துக்குள்ளும் வராமல் விற்பனையாகின. 2021-இல்தான் உயிர் ஊக்கிகள் என்ற பெயரில் அவற்றை 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். மருந்தோடு சேர்த்து டானிக்கையும் கட்டாயப்படுத்திக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். யூரியாவோடு வேறு எதையாவது தலையில் கட்டினாலும் அப்படியே. நீங்களே தயாரித்து உங்கள் நிலத்தில் தெளிக்கும் பஞ்சகவ்யத்துக்கும் இஞ்சி பூண்டுக் கரைசலுக்கும் எந்த உரிமமும் வேண்டாம்.

அளந்து, கலந்து, அடிப்பது

"டேங்குக்கு ரெண்டு மூடி" என்பது அளவே அல்ல. மூடி ஒவ்வொரு பாட்டிலுக்கும் மாறும், டேங்கும் 10 லிட்டர், 16 லிட்டர் என்று மாறும். லேபிள் எப்போதும் நிலத்தின் பரப்புக்குத்தான் அளவு சொல்கிறது. மேலே சொன்ன நெல் மருந்தையே எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க் ஆகும், அப்படியானால் டேங்குக்கு ஐந்து மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் உங்கள் ஆள் வேகமாக நடந்து எட்டு டேங்கிலேயே ஏக்கரை முடிப்பவராக இருந்தால், டேங்குக்கு ஏழரை மில்லி. அதனால் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி, பத்து சென்டுக்கு அடித்துப் பாருங்கள். எத்தனை லிட்டர் போகிறது என்று தெரிந்த பிறகு கணக்குப் போடுங்கள். மருந்து அளக்க மில்லி குறியிட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைத் தனியாக வாங்கி, பூட்டுப் போட்ட மருந்துப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்று நான்கு மருந்துகளை ஒரே டேங்கில் ஊற்றுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. கம்பெனியே கலந்து தரும் கூட்டு மருந்து சோதனைக்குப் பிறகு பதிவானது. நீங்கள் டேங்கில் கலப்பது யாரும் சோதிக்காத புதுச் சரக்கு. தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கூலிக்கு அடிக்க வருபவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள், பாதுகாப்பு உடை இல்லாமல், கலவை மருந்தை அடித்தவர்கள் அவர்கள். நம் பக்கத்திலும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு அடிப்பவர்கள்தான் அதிகம். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் இவற்றை வாங்கித் தருவது நிலத்துக்காரரின் கடமை. வெயில் ஏறும் முன்போ மாலையிலோ, காற்றின் போக்கில் அடிக்கச் சொல்லுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊத விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். சாப்பாடும் பீடியும் அதற்குப் பிறகுதான்.

தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண் மங்கல், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, 108-க்கு அழையுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருந்து பாட்டிலையும் துண்டுப் பிரசுரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையாக இருந்தாலும் தாலுகா மருத்துவமனையாக இருந்தாலும் டாக்டர் முதலில் கேட்பது எந்த மருந்து என்றுதான். சில மருந்துகளுக்கு அட்ரோபின் போன்ற முறிமருந்து உண்டு. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் எண் 1800-116-117.

அறுவடைக்கு முன், மல்லிகைக்காரர்கள் கவனத்துக்கு

காய்கறியில் காத்திருப்பு நாளைக் கடைப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? உணவுப் பொருளில் மருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு குறிப்பிடாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 38-வது பிரிவு உங்களை வயலில் விட்டுவிட்டாலும், மாட்டுத்தாவணிக்கோ பரவைக்கோ காய் வண்டி ஏறியதும் வேறொரு சட்டம் தொடங்கிவிடுகிறது. அதனால் பறிப்புத் தேதியை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி மருந்து அடிக்கும் தேதியை வையுங்கள்.

மல்லிகைக்கு இது சிக்கலானது. புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியைப் பருவத்தில் தினமும் விடியுமுன் பறிக்கிறோம். காத்திருப்பு நாள் என்ற கணக்கே அங்கே நிற்காது. எச்ச வரம்பு உணவுக்குத்தான், தலையில் சூடும் பூவுக்கு அது பொருந்தாது. அதனால் கேட்பார் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. முந்தின நாள் மருந்து அடித்த செடிக்குள் மறுநாள் இருட்டில் வெறுங்கையோடு நுழைபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பனியில் நனைந்த இலையிலிருந்து அவர்கள் கையிலும் புடவையிலும் மருந்து ஏறும். அவர்களுக்குச் சொல்லாமல் அடிக்காதீர்கள். கடுமையான மருந்து தேவைப்பட்டால் கவாத்து செய்து பூ இல்லாத காலத்தில் முடித்துவிடுங்கள். பருவத்தில் மொட்டுப் புழு வந்தால், தாக்கிய மொட்டுகளைப் பறித்து அழிப்பது, வேப்ப எண்ணெய்க் கரைசல் என்று தொடங்குங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் காட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, அடித்த பகுதியில் சில நாள் பறிப்பை விடுங்கள். அந்த நாட்களின் பூ நஷ்டம்தான், அதையும் மருந்துச் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்டால் அடிக்கலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

காலி பாட்டில்

மூன்று முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். பிறகு யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்பிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கிணற்றடியும் கண்மாய்க் கரையும் அதற்கான இடங்கள் அல்ல.

மருந்து கேட்கவில்லை என்றால்

பூச்சி சாகவில்லை என்பதாலேயே மருந்து போலி என்று ஆகிவிடாது. தவறான மருந்து, தவறான அளவு, மழை, எதிர்ப்புச் சக்தி என்று காரணம் பல. ஆனால் பயிர் கருகினாலோ, லேபிள் சந்தேகமாக இருந்தாலோ உடனே செயல்படுங்கள். வயலைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். மீதி மருந்தோடு பாட்டிலை மூடிப் பத்திரப்படுத்துங்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பில்லின் நகலை இணையுங்கள், ஒப்புகை வாங்குங்கள். மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் தரக் கட்டுப்பாட்டுக்கென்றே உதவி இயக்குநர் இருக்கிறார், அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

நீங்கள் திறந்த பாட்டில் வழக்குக்குப் போதாது. ஆய்வாளர் கடைக்குப் போய் அதே பேட்ச் மருந்தைச் சட்டப்படி மாதிரி எடுத்தால்தான் எடுபடும். பேட்ச் எண் பில்லில் இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான். மாதிரி மூன்றாகப் பிரிக்கப்பட்டு ஒன்று கடைக்காரரிடமும், ஒன்று ஆய்வகத்துக்கும், ஒன்று நீதிமன்றத்துக்கும் போகும். பகுப்பாய்வாளர் 30 நாளில் அறிக்கை தர வேண்டும். மதுரையிலேயே பூச்சிக்கொல்லி ஆய்வகம் இருக்கிறது. தாமதித்தால் அந்த பேட்ச் கடையில் தீர்ந்துபோய்விடும், அதனால் ஒன்றிரண்டு நாளுக்குள் புகார் கொடுத்துவிடுங்கள்.

இந்த நடவடிக்கை தவறு செய்தவரைத் தண்டிக்கும், உங்கள் நஷ்டத்தைத் தராது. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத் தனியாகப் போக வேண்டும். இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். மருந்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பில், லேபிள், படங்கள், வேளாண்மை அலுவலர் வயலைப் பார்த்து எழுதிய அறிக்கை, ஆய்வக அறிக்கை இவ்வளவையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.